பீர் காய்ச்ச ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேண்டுமா?

வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: "படிக்க நல்லாத்தான் இருக்கு, நேரத்துக்கு எங்கே போறது?" அதனால் இந்த முறை நேரம் பற்றிய கேள்விகளைத் தனியாக எடுத்துவைத்துப் பதில் எழுதுகிறேன். நடுவில் வேறு சிலதும் நுழைந்துவிட்டன, பரவாயில்லை.

கேள்வி (மெல்பர்ன்): நீங்கள் எழுதியபடியே செய்தேன். காலை ஒன்பது மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தவன் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது மணி நாலரை. இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது இன்னொரு தடவை நடக்காது. விட்டுவிடட்டுமா, இல்லை குறுக்கு வழி இருக்கிறதா?

பதில்: விடாதீர்கள். அந்த ஏழரை மணி நேரத்தில் உங்கள் கை வேலை செய்தது ஒன்றரை மணி நேரம்கூட இருக்காது, யோசித்துப் பாருங்கள். மீதி நேரமெல்லாம் தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தீர்கள், அப்புறம் அதே தண்ணீர் ஆறக் காத்திருந்தீர்கள், அப்புறம் மூன்று பாத்திரங்களைத் தேய்த்தீர்கள். வெட்ட வேண்டியது அங்கேதான்.

முதலில் அந்த மூன்று பாத்திரங்களை ஒன்றாக்குங்கள். 40 லிட்டர் பாத்திரம் ஒன்று, அதற்குள் அடங்குகிற மாதிரி மெல்லிய வலைத்துணியில் தைத்த பெரிய பை ஒன்று, அவ்வளவு போதும். 27 லிட்டர் தண்ணீரை 71 டிகிரிக்குச் சூடாக்கி, பையை உள்ளே விரித்து, நாலரை கிலோ உடைத்த பேல் மால்ட்டைக் (முளைகட்டி உலர்த்திய வெளிர்நிற பார்லி) கொட்டிக் கட்டியில்லாமல் கிளறினால் சூடு 67 டிகிரிக்கு வந்து நிற்கும். மூடிப் போர்வை சுற்றிவிடுங்கள். மால்ட்டில் இருக்கிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிற வேலை இதுதான். ஒரு மணி நேரம் வேண்டும் என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் எழுதினேன். இன்றைய மால்ட்டுக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம் போதும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் சாற்றை ஊற்றி மருந்துக்கடை டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உருளைக்கிழங்குத் துண்டுக்கு விட்டோமே, அதே சோதனை. கருநீலமாக மாறினால் மாவு மிச்சமிருக்கிறது, மாறாவிட்டால் முடிந்தது. சோதித்த சாற்றைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

பையைத் தூக்கி, பாத்திரத்தின் மேல் கம்பித்தட்டு போட்டு வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு நன்றாகப் பிழியுங்கள். ஈரத்தோடு எட்டு கிலோ இருக்கும், இடுப்பு பத்திரம். பிழிந்தால் பீர் துவர்க்கும் என்று ஒரு பயம் உலவுகிறது, நான் பதினோரு வருஷமாகப் பிழிகிறேன், துவர்த்ததில்லை. இந்தப் பை முறை 2000-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பரப்பியதுதான், எனவே மெல்பர்னில் இருந்துகொண்டு மூன்று பாத்திரம் அடுக்கிக் கஷ்டப்படுவது கொஞ்சம் அநியாயம்.

கொதியையும் அரை மணி நேரமாகக் குறைக்கலாம். ஆனால் பில்ஸ்னர் மால்ட் என்றால் குறைக்காதீர்கள், அதற்கு நீண்ட கொதி தேவை, இல்லாவிட்டால் வேகவைத்த மக்காச்சோள வாடை தங்கிவிடும். பேல் மால்ட் அதைவிட அதிகச் சூட்டில் வறுபட்டது, அந்தத் தொல்லை குறைவு.

ரொம்ப நேரம் மிச்சம் பிடிப்பது கடைசி வெட்டுதான். செப்புச் சுருள் குழாய், தோட்டக் குழாய், ஐஸ் தொட்டி எதுவும் வேண்டாம், கொதித்த சாற்றை ஆறவைக்கவே ஆறவைக்காதீர்கள். கொதிநீர் தாங்குகிற கனமான பாலித்தீன் கேன் 20 லிட்டர் அளவில் காய்ச்சும் சாமான் கடைகளில் 'கியூப்' என்று கேட்டால் தருவார்கள். சுத்தம் செய்த கேனில் கொதி அடங்கியதும் சாற்றைக் குழாய் வழியாக நிரப்பி, பக்கங்களை அமுக்கிக் காற்றை வெளியே தள்ளி, மூடியை இறுக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துவிடுங்கள். கைப்பிடிக்குள்ளும் மூடிக்குள்ளும் கொதிசாறு போய் அந்த இடத்தையும் அதுவே சுத்தமாக்கும். மறுநாள் சாயங்காலம் அது வீட்டுச் சூட்டுக்கு வந்திருக்கும், ஃபெர்மென்டரில் (நொதிக்கவிடுகிற பாத்திரம்) தளதளவென்று உயரத்திலிருந்து ஊற்றி ஈஸ்ட்டைத் தூவினால் முடிந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். கேனில் வெகுநேரம் சூடாகவே கிடப்பதால், கொதியில் போட்ட ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற பூ) இன்னும் கசப்பை விட்டுக்கொண்டிருக்கும். கொதியைக் குறைத்ததால் போன கசப்பு இங்கே திரும்பி வந்து கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும், ஆனால் வாசனைக்காகக் கடைசியில் போடுகிற ஹாப்ஸைக் கொதியில் போடாமல் ஃபெர்மென்டரிலேயே போடுங்கள். இன்னொன்று, 'மூடிதான் இருக்கே' என்று அந்தக் கேனை வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. காற்றில்லாத, புளிப்பில்லாத இனிப்புச் சாறு, போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சைத் தருகிற கிருமிக்குப் பிடித்த இடம். மறுநாள், தவறினால் அதற்கு மறுநாள், ஈஸ்ட் விழுந்துவிட வேண்டும்.

என் வியாழக்கிழமை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். என்னிடம் இருப்பது 2400 வாட் மின்சாரப் பாத்திரம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தண்ணீர் நிரப்பி டைமர் ப்ளக்கில் மாட்டிவிடுவேன், நான் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அதுவே எரிய ஆரம்பிக்கும் (தண்ணீர் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன், காலிப் பாத்திரம் எரிந்தால் பீர் என்ன, வீடே இருக்காது). ஏழே முக்காலுக்கு மால்ட். பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்தில் அது பாட்டுக்கு ஊறும். எட்டேகாலுக்குப் பை வெளியே. எட்டே முக்காலுக்குக் கொதி, ஒன்பதேகாலுக்கு அணைப்பு, ஒன்பதரைக்குக் கேன் மூடி. பாத்திரம் ஒன்றுதான் என்பதால் பத்து மணிக்குள் தூங்கப் போகலாம்.

அதுவும் முடியாத வாரங்களில் இரண்டாக உடைத்துக்கொள்வேன். இரவு பத்து மணிக்கு மால்ட்டைக் கொட்டி இரண்டு போர்வை சுற்றிவிட்டுத் தூக்கம், விடிந்ததும் பையைத் தூக்கிக் கொதிக்கவைப்பது. சூடு விடியும்போது பத்து டிகிரி போல இறங்கியிருக்கும், பீர் கொஞ்சம் இனிப்பு குறைந்து வரும், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் விடிந்தும் அலட்சியமாக மதியம் வரை போட்டுவைத்தால் புளிக்க ஆரம்பித்துவிடும். இட்லி மாவு அரைக்கிற வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, பகல் ஒரு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை. இருக்கிறது அப்பார்ட்மென்ட்டில. தானியம் ஊற வைக்கிறது, பை தூக்கிறது எல்லாம் எனக்குச் சரிவராது. டின்னில வாற மால்ட் பாகில செய்தால் நல்லா வருமோ, இல்லாட்டி காசு வீணோ?

பதில்: நல்லா வரும் தம்பி. டின் பீர் மோசம் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் டின் இல்லை, அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிற செய்முறை. 1.7 கிலோ டின்னோடு ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை, 23 லிட்டர் தண்ணீர், ஆறே நாளில் பாட்டில் என்பார்கள். அப்படிச் செய்தால் தண்ணியாக, ஆப்பிள் சாறு கெட்டுப்போன மாதிரி ஒன்று வரும், ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதுதான். நீங்கள் மாற்ற வேண்டியது மூன்று. சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ உலர்ந்த மால்ட் பொடி போடுங்கள். தண்ணீரை 20 லிட்டரோடு நிறுத்துங்கள். மூடிக்கடியில் ஒட்டியிருக்கிற குட்டி ஈஸ்ட் பாக்கெட்டை மறந்துவிட்டு, 11.5 கிராம் உலர் ஈஸ்ட் ஒன்று தனியாக வாங்குங்கள். அதை ஊறவைக்கவெல்லாம் வேண்டாம், மேலே தூவினால் போதும்.

செய்கிற வேலை முக்கால் மணி நேரம்தான். டின்னைச் சுடுநீரில் பத்து நிமிடம் போட்டால் பாகு இளகும். இரண்டு மூன்று லிட்டர் வெந்நீரில் பாகையும் பொடியையும் கரைத்து, மீதியைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் நேரே 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கனடாக் குழாய்த் தண்ணீர் குளிருக்கு இந்த விஷயத்தில் மட்டும் நன்றி சொல்லலாம். ஆனால் ரொறன்ரோ தண்ணீரில் குளோரமின் இருக்கிறது, அது சாதாரணக் குளோரின் மாதிரி திறந்துவைத்தால் பறந்துவிடாது, பீரில் போனால் பிளாஸ்திரி வாடை அடிக்கும். பாதி காம்டன் மாத்திரையை (காய்ச்சும் சாமான் கடையில் கிடைக்கிற சல்ஃபைட் மாத்திரை) பொடித்து அந்த 20 லிட்டரில் கலக்கிவிடுங்கள், சில நிமிடத்தில் போய்விடும்.

அப்புறம் ஒன்டாரியோவில் இன்னொரு வழியும் உண்டு. காசு கட்டினால் தங்கள் இடத்திலேயே, தங்கள் பாத்திரத்திலேயே செய்ய விடுகிற கடைகள். சட்டப்படி ஈஸ்ட்டை நீங்களே உங்கள் கையால் போட வேண்டும், பாட்டிலிலும் நீங்களே அடைக்க வேண்டும், இடையில் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. இரண்டு தடவை போய் வந்தால் சரி. இதைப் பீர் காய்ச்சுவது என்று சொல்லலாமா என்று என் நண்பர்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. இரண்டு வேலை பார்க்கிறவரிடம் நான் அந்தச் சண்டைக்கு வரமாட்டேன்.

கேள்வி (லண்டன், ஹாரோ): காய்ச்சுவது பிரச்சினை இல்லை, பாட்டில் கழுவுவதுதான் உயிரை வாங்குகிறது. ஒரு தடவைக்கு அறுபது பாட்டில். இதற்கு ஒரு வழி சொல்லுங்களேன்.

பதில்: பாட்டிலைக் கழுவ வேண்டிய நாள் அடைக்கிற நாள் இல்லை, குடிக்கிற நாள். கிளாஸில் ஊற்றிய கையோடு மூன்று தடவை வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்துவிடுங்கள், அடியில் இருக்கிற ஈஸ்ட் வண்டல் காய்வதற்குள் போய்விடும். காய்ந்துவிட்டால்தான் பிரஷ், சோடா, சாபம் எல்லாம். அப்படி வைத்த பாட்டிலுக்கு அடைக்கிற அன்று அமில சானிடைசர் மட்டும் போதும், 20 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. நுரை உள்ளேயே இருந்தாலும் கவலைப்படாமல் பீரை ஊற்றலாம், அலச வேண்டாம்.

அடுத்தது எண்ணிக்கையைக் குறைப்பது. 330 மில்லி பாட்டிலில் 20 லிட்டரை அடைத்தால் அறுபதுதான் வரும், 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்தால் இருபத்தேழு. வீட்டில் இடமும் காசும் இருந்தால் 19 லிட்டர் கெக் வாங்கிவிடுங்கள். குளிர்பானக் கம்பெனிகள் ஒரு காலத்தில் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஸ்டீல் உருளைகள்தான் அவை. கழுவ ஒரே ஒரு பாத்திரம், அரை மணியில் வேலை முடியும். கரியமிலவாயு உருளை, ரெகுலேட்டர், பழைய ஃப்ரிட்ஜ் என்று முதலில் கொஞ்சம் செலவுதான், நான் வாங்கியபோது வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது.

ஆனால் எந்த அவசரத்திலும் ஈஸ்ட்டின் நாட்களைத் திருடாதீர்கள். நான் திருடினேன். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வேண்டும் என்று, எயர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடுகிற மூடிக் குழாய்) குமிழி நின்றதை மட்டும் பார்த்துவிட்டு, ஹைட்ரோமீட்டர் (சாற்றில் சர்க்கரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டுகிற மிதவைக் கருவி) போட்டுப் பார்க்காமல் ஏழாம் நாளே கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துத் துணி துவைக்கிற அறையில் அடுக்கினேன். டிசம்பர் மெல்பர்னில் கோடை. நாலாம் இரவு ஒன்றரை மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம், கதவு அடித்ததாக்கும் என்று திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு சத்தம் சேர்ந்து. காலையில் பார்த்தால் ஒன்பது பாட்டில் போயிருந்தது, கூரைவரை நுரை காய்ந்த கறை, காயப்போட்டிருந்த பள்ளிச் சீருடையில் கண்ணாடித் துணுக்கு. அந்த அறையில் பிள்ளைகள் யாரும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து இரண்டு நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டாமல் பாட்டிலைத் தொடுவதில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலாவது பிளாஸ்டிக்கில் அடைப்பேன். அதை விரலால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கேள்வி (சிங்கப்பூர்): இங்கே வீட்டுக்குள் எப்போதும் 30 டிகிரிக்கு மேல். பீருக்கென்று தனி ஃப்ரிட்ஜ் வைக்க இடமில்லை. எனக்கு வழியே இல்லையா?

பதில்: உங்களுக்கு இருக்கிற வசதி எனக்கு இல்லை. க்வைக் என்று நார்வே கிராமத்துப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் ஒன்று இருக்கிறது, வொஸ் பகுதி வகை இப்போது உலர் பாக்கெட்டிலேயே கிடைக்கும். சாதாரண ஏல் ஈஸ்ட் 20 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே தலைவலி தருகிற சரக்காக்கிவிடும், இதுவோ 35, 40 டிகிரியில்தான் உற்சாகமாகும். மூன்று நாலு நாளில் வேலையை முடித்துவிடும், லேசாக ஆரஞ்சுத் தோல் வாசனை வரும். குளிர் நாட்டுக்காரனிடமிருந்து வெயில் நாட்டுக்கான ஈஸ்ட்! அங்கே வீடுகளில் மரத்தாலான வளையங்களை ஈஸ்ட்டில் தோய்த்து உலர்த்தித் தொங்கவிட்டு அடுத்த தடவை காய்ச்சும்போது எடுத்துக்கொள்வார்களாம், உறைமோர் எடுத்துவைப்பது போல. உங்கள் ஊரில் வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்குள், சொந்தக் குடிக்கு மட்டும் என்பது விதி. விற்கக் கூடாது.

கேள்வி (திருநெல்வேலி): ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். வீட்டில் பீர் காய்ச்சுவது வெள்ளைக்காரன் பழக்கம், அதைத் தமிழ்ப் பத்திரிகையில் எழுத வேண்டுமா? சரி எழுதிவிட்டீர்கள், இங்கே செய்ய முடியுமா என்றாவது சொல்லுங்கள்.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில்: முடியாது ஐயா. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், அளவு கொஞ்சம், குடிப்பது நான்தான் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. ஆசைப்பட்டு யாரும் இறங்க வேண்டாம்.

முதல் கேள்விக்கு, நீங்கள் எனக்குப் பாடம் நடத்தியிருக்க வேண்டிய இடம் இது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டில் என்ன செய்கிறார்கள்? குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாய் அகன்ற பிழாவில் ஆறவைத்து, நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். நல்லடை என்பது முளைநெல் என்று பொருள் கொள்வார்கள். முளைகட்டிய தானியம்தானே மால்ட்? கஞ்சி, ஆறவைத்தல், முளை, சாடி, பிழிதல் என்று நான் மேலே மெல்பர்ன்காரருக்கு எழுதிய வேலைகள்தான், வரிசை மட்டும் கொஞ்சம் மாறுகிறது. எனக்கு வியப்பு அந்த இரண்டு நாள் கணக்கில்தான். நம் ஊர்ச் சூட்டில் அது சரியான கணக்கு. பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், பொழுது சாய்வதற்குள் அது பொங்கிவிடும். வெள்ளைக்காரன் ஹைட்ரோமீட்டர் கொடுத்தான், அதை மறுக்கவில்லை.

இனி சின்னச் சின்னக் கேள்விகள்.

*ஈஸ்ட் போட்டு ஒரு நாள் முழுக்க ஆகிறது, எயர்லாக்கில் ஒரு குமிழிகூட இல்லை. கொட்டிவிடவா? (பிரிஸ்பேன்)*

கொட்டாதீர்கள். பத்தில் எட்டுத் தடவை மூடி சரியாக உட்காராமல் வாயு பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், மேலே நுரை இருந்தால் வேலை நடக்கிறது. மூன்று நாள் ஆகியும் ஹைட்ரோமீட்டர் எண் இறங்கவில்லை என்றால் புது பாக்கெட் ஒன்று தூவுங்கள்.

*ஹைட்ரோமீட்டர் எண்ணை வைத்து எத்தனை சதவீதம் என்று எப்படிக் கணக்கிடுவது? (மிசிசாகா)*

ஆரம்ப எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்குங்கள். 1.045-இல் தொடங்கி 1.010-இல் நின்றால் கிட்டத்தட்ட 4.6 சதவீதம்.

*ஹார்லிக்ஸிலும் மால்ட்தானே இருக்கிறது, அதைப் போட்டால் என்ன? (பெயர் போட வேண்டாம் என்கிறார், போடவில்லை)*

அதில் பாலும் இருக்கிறது. பால் சர்க்கரையை பீர் ஈஸ்ட் தொடாது, பால் புரதமும் கொழுப்பும் நுரையைக் கெடுக்கும். படுக்கும் முன் சூடாகக் குடியுங்கள்.

*சிறிய அளவில், ஐந்து லிட்டர் மட்டும் செய்தால் நேரம் மிச்சமாகுமா? (ஆக்லாந்து)*

சூடாக்குகிற நேரமும் ஆறுகிற நேரமும் நன்றாகக் குறையும், சமையலறைப் பாத்திரத்தை வாளிக் குளிர்நீரில் வைத்தாலே அரை மணியில் ஆறிவிடும். ஆனால் கழுவுகிற வேலை ஏறக்குறைய அதேதான், கிடைப்பதோ பதினைந்து பாட்டில். புது ஹாப்ஸ் வகை ஒன்றை ருசி பார்க்க நான் இப்படிச் செய்வேன். மற்றபடி ஒரு வியாழக்கிழமை இரவைக் கொடுத்தால் இருபது லிட்டராகவே வரட்டும்.

*அடைத்த பாட்டிலை எத்தனை நாள் கழித்துத் திறக்கலாம்? (பெர்த்)*

லிட்டருக்கு ஏழு கிராம் சர்க்கரை போட்டு அடைத்து, 20 டிகிரிக்குக் குறையாத இடத்தில் இரண்டு வாரம், பிறகு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். எட்டாம் நாளே ஒன்றைத் திறந்துபார்க்காமல் இருக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.